வளையும் குழாய், வளைய மறுக்கும் ஊசி: நுரையீரல் பயாப்ஸியில் எட்டாத இடங்கள் ஏன் இருக்கின்றன?

கேள்வி இது: நுரையீரலின் மேல் மடலில் 15 மி.மீ. அளவில் ஒரு கட்டி. ப்ராங்கோஸ்கோப் (மூச்சுக்குழாய்க்குள் விடும், முனையில் காமிரா உள்ள வளையும் குழாய்) வழியாக ஊசி செலுத்தித் திசு எடுக்கப் பார்த்தார்கள். "குழாய் அந்த இடத்துக்கு வளையவில்லை" என்று நிறுத்திவிட்டார்கள். கருவியின் விவரக்குறிப்பில் 180 டிகிரி வளையும் என்று இருக்கிறதே? இன்னும் நன்றாக வளையும் குழாயையும் ஊசியையும் செய்ய முடியாதா?

அந்த 180 டிகிரி பொய்யில்லை. ஆனால் அது வெறுங்குழாயை மேசைமேல் வைத்து அளந்த கணக்கு. உள்ளே ஊசியோ ஃபோர்செப்ஸோ (திசுவைக் கடித்தெடுக்கும் சிறு இடுக்கி) நுழைந்ததும் குழாயும் கருவியும் சேர்ந்து ஒரே தண்டாகிவிடும். இரண்டின் விறைப்பும் கூடி, வளைவு குறையும். எவ்வளவு குறையும் என்பது உள்ளே போன கருவியைப் பொறுத்தது. மெல்லிய அல்ட்ராசவுண்ட் ப்ரோப் (ஒலியலையால் படம் காட்டும் கம்பி) என்றால் அதிகம் தெரியாது. தடித்த எஃகு ஊசி என்றால், கொக்கிபோல் வளைந்திருந்த முனை கண்ணெதிரே நிமிரும். திரையில் நேராகத் தெரிந்த கிளையின் வாய், ஊசி வந்து சேரும்போது ஓரத்துக்கு நழுவிப் போவது இதனால்தான்.

முதலில் குழாயின் கட்டமைப்பு. வேலை செய்யும் நீளம் சுமார் 600 மி.மீ. அதில் மருத்துவர் நெம்புகோலால் வளைப்பது கடைசிச் சில சென்டிமீட்டரை மட்டுமே. அங்கே சிறு உலோக வளையங்கள் முதுகெலும்புபோல் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும். நெம்புகோலை அழுத்தினால் உள்ளே ஓடும் கம்பி இழுபட்டு, வளையங்கள் ஒரு பக்கமாக மடங்கும். மேலே மெல்லிய ரப்பர் உறை. மீதி நீளம் முழுவதும் தட்டையான உலோகச் சுருள், அதன்மேல் கம்பிப் பின்னல், அதன்மேல் பாலிமர் பூச்சு. அது தானாக வளையாது, மூச்சுக்குழாய் வளைத்த பக்கம் வளைந்துகொடுக்கும். முனையும் மேல், கீழ் என்ற ஒரே தளத்தில்தான் மடங்கும்: வழக்கமான கருவியில் மேலே 180, கீழே 130 டிகிரி, புதியவற்றில் மேலே 210 வரை. இடம், வலம் போக முழுக் குழாயையும் மணிக்கட்டால் திருப்ப வேண்டும். குழாய் வழியில் ஏற்கெனவே இரண்டு இடத்தில் வளைந்திருந்தால், கை திருப்பிய அளவு முனை திரும்பாது. முறுக்கம் நடுவிலேயே தேங்கி, பிறகு திடீரென்று அவிழும்.

1897-இல் குஸ்டாவ் கில்லியன் நேரான உலோகக் குழாயை வைத்து மூச்சுக்குழாய்க்குள் பார்த்தார். 1966-இல் ஷிகெதோ இகேதா கண்ணாடி இழைகளால் ஆன வளையும் கருவியைக் கொண்டுவந்தார். அதன்பின் பார்வை எட்டும் தூரம் வெகுவாகக் கூடியது. திசு எடுக்கும் கருவி எட்டும் தூரம் அதே வேகத்தில் கூடவில்லை. இன்றைய சிக்கலின் வேர் அந்த இடைவெளி.

கருவிக்குள் கருவி போகும்போது முதலில் தடுப்பது விறைப்பு என்றுதான் தோன்றும். உண்மையில் அதற்கும் முன்னால் தடுப்பது முனையிலுள்ள வளையாத துண்டின் நீளம். ஃபோர்செப்ஸின் கம்பி எவ்வளவு நெகிழ்ந்தாலும் அதன் தாடைப் பகுதி வளையாது. மூச்சுக்குழாய்ச் சுவரைத் துளைத்து நிணநீர் முடிச்சில் திசு எடுக்கும் பழைய வகை ஊசியும் அப்படியே: நெகிழும் பிளாஸ்டிக் குழாயின் முனையில் 13 அல்லது 15 மி.மீ. நீளத்துக்கு நேரான உலோக ஊசி. வளைந்த சேனலுக்குள் (குழாயினுள் கருவி போகும் துளைவழி) ஒரு நேரான துண்டு எவ்வளவு நீளம் வரை புகும் என்பது பள்ளிக்கூட வடிவியல்தான். துண்டின் நடுப்பகுதி உட்சுவரில் படும், இரு முனைகளும் வெளிச்சுவரில் படும், அதற்கு மேல் போகாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். வளைவின் ஆரம் 10 மி.மீ. என்று கொள்வோம். கருவியின் தடிமன் 1.8 மி.மீ. சேனலின் உள்விட்டம் 2.0 மி.மீ. என்றால், வளையாத துண்டு சுமார் 4.2 மி.மீ. வரைதான் இருக்கலாம். அதே கருவியை 2.8 மி.மீ. சேனலில் விட்டால் 9.3 மி.மீ. வரை போகும். சேனல் 0.8 மி.மீ. அகன்றதற்கு, அனுமதிக்கப்படும் நீளம் இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இதே தடிமனுள்ள உறைக்குள் இருக்கும் 13 மி.மீ. ஊசியோ இரண்டிலுமே போகாது. ஆகவே முனையை நிமிர்த்தி வைத்துக்கொண்டுதான் ஊசியைச் செலுத்த வேண்டும், வெளியே எட்டிப் பார்த்த பிறகே வளைக்க வேண்டும். "நேராக்கு, செலுத்து, பிறகு வளை" என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது பழக்கத்துக்காக அல்ல, இந்த வடிவியலுக்காக. மேல் மடலின் உச்சிக் கிளைக்கு முன்னால் முனையை நிமிர்த்தினால் இடமே கைவிட்டுப் போகும் என்பது வேறு கதை. அங்கே பின்வாங்கி, பெரிய குழாயில் நிமிர்ந்து நின்று, ஊசியை முனைவரை கொண்டுவந்து, உறைக்குள் வைத்தபடியே மறுபடி மேலே ஏற வேண்டியிருக்கும்.

இனி விறைப்பு. ஊசியின் தடிமன் கொஞ்சம் கூடினாலும் விறைப்பு மளமளவென்று ஏறும். வளைவுக்கு எதிரான விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுகிறது, உள்ளே துளை இருப்பதால் துளை விட்டத்தின் நான்காம் அடுக்கைக் கழிக்க வேண்டும். வழக்கமான சுவர்த் தடிமனுள்ள ஊசிகளில் 22 கேஜின் (கேஜ் என்பது ஊசித் தடிமனைக் குறிக்கும் எண்) வெளிவிட்டம் 0.72 மி.மீ. அதன் விறைப்பை ஒன்று என்று வைத்தால், 0.51 மி.மீ. உள்ள 25 கேஜ் கால் பங்கு, 0.82 மி.மீ. உள்ள 21 கேஜ் ஒன்று புள்ளி ஆறு, 1.07 மி.மீ. உள்ள 19 கேஜ் நாலரை. 22-இலிருந்து 19-க்குப் போவது காகிதத்தில் மூன்று எண் வித்தியாசம், முனையில் நாலரை மடங்கு எதிர்ப்பு. கேஜ் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். புதிதாகப் படிப்பவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

பிறகு ஏன் தடித்த ஊசியைத் தேடுகிறார்கள்? செல்கள் சில கிடைத்தாலே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியும். ஆனால் நிணநீர்ப் புற்று, சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய்) போன்றவற்றுக்குத் திசுவின் அமைப்பே தெரிய வேண்டும், மரபணுச் சோதனைகளுக்கு அளவும் வேண்டும். அதனால் 19 கேஜுக்கு ஆசை, வளைவதற்கு 25 கேஜுக்கு ஆசை. பெரும்பாலோர் 21, 22 என்று நடுவில் நிற்கிறார்கள். என் கணிப்பில் அது கோழைத்தனமல்ல. தடித்த ஊசியோடு இலக்குக்குப் பக்கத்தில் குத்துவதைவிட, மெல்லிய ஊசியோடு இலக்குக்குள்ளேயே நாலு முறை குத்துவது மேல்.

எஃகு ஊசிக்கு இன்னொரு குறை உண்டு. 10 மி.மீ. ஆரத்தில் 22 கேஜ் ஊசியை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் 3.6 சதவீதம் நீள வேண்டும், 19 கேஜ் என்றால் 5.3 சதவீதத்துக்கு மேல். எஃகு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே நீண்டு பழைய நிலைக்குத் திரும்பும். அதைத் தாண்டினால் நிரந்தரமாகக் கோணிவிடும். ஒரு கூர்மையான வளைவில் பலமுறை குத்திய ஊசி வெளியே வரும்போது வில்லாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஊசியை நிமிர்த்திக்கொண்டு அடுத்த முடிச்சுக்குப் போனால், அது குறிபார்த்த திசையில் போகாமல் தன் வளைவின் திசையில் போகும். ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்தி வளைத்து நிமிர்த்தினால் உலோகம் களைத்து முறியவும் கூடும். ஊசி முனை முறிந்து உள்ளே தங்குவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் 6 முதல் 8 சதவீதம் வரை நீண்டு திரும்பும், வளைவதற்கும் எஃகைவிட வெகு குறைந்த விசை போதும். புதிய நெகிழும் 19 கேஜ் ஊசிகள் வழிக்கு வந்ததற்கு இந்த உலோகமும், ஊசித் தண்டில் லேசரால் சுருள்வெட்டு போடும் உத்தியும் காரணம்.

அப்படியானால் எல்லாவற்றையும் நிட்டினாலில், நூல்போல் மெல்லியதாகச் செய்துவிடலாமே? இங்கேதான் கேள்வியின் இரண்டாம் பாதிக்குப் பதில் இருக்கிறது. ஊசியின் வேலை வளைவது மட்டுமல்ல, குத்துவதும்தான். நெகிழ்ந்தது குத்தாது. நனைந்த கயிற்றால் கதவைத் தள்ள முடியாதல்லவா, அதேதான். மூச்சுக்குழாய்ச் சுவரில் குருத்தெலும்பு வளையங்கள் இருக்கின்றன. ஊசி வளையத்தின் மேல் பட்டால், மெல்லிய தண்டு சேனலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியில் வில்லாக வளைந்து நிற்கும், முனை நகராது. தண்டு நெளிந்துவிடும் விசை, தாங்கலில்லாத நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். வெளியே நீட்டிய நீளத்தைப் பாதியாக்கினால் நாலு மடங்கு விசை தாங்கும். அதனால்தான் உறையின் முனையைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு குத்துகிறார்கள். குத்தும் இடமும் இரண்டு வளையங்களுக்கு நடுவே இருக்க வேண்டும். ஊசி எதிர்த்தால் பலத்தைக் கூட்டாதீர்கள், ஒன்றிரண்டு மி.மீ. நகருங்கள்.

கையின் விசை முனைக்கு முழுதாகப் போய்ச் சேர்வதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளைந்த வழியில் உராய்வு, வளைவுகளின் மொத்தக் கோணத்தோடு அடுக்கடுக்காகப் பெருகும், தூணைச் சுற்றிய கயிறு இறுகுவதுபோல. உராய்வுக் கெழு 0.2 என்றும், வாயிலிருந்து முனைவரை வளைவுகளின் கூட்டுத்தொகை 180 டிகிரி என்றும் வைத்தால், முனையில் ஒரு பங்கு விசை வேண்டுமானால் கையில் ஏறக்குறைய 1.9 பங்கு கொடுக்க வேண்டும். கெழு 0.3 ஆனால் 2.6 பங்கு. இரத்தமும் சளியும் காய்ந்து ஒட்டிய சேனலில் கெழு ஏறும். ஊசி ஒவ்வொரு முறை வெளியே வந்ததும் உப்புநீரில் துடைப்பதும், குழாயின் வெளிப்பகுதியைத் தொங்கவிடாமல் நேராகப் பிடிப்பதும் இதற்காகவே. நோயாளியின் வாய்க்கு வெளியே குழாய் ஒரு வளையமாகத் தொய்ந்திருந்தால், உடலுக்குள் இல்லாத ஒரு வளைவை நாமே சேர்த்துவிடுகிறோம்.

மார்பின் நடுப்பகுதி நிணநீர் முடிச்சுகளுக்கு இன்று பயன்படுவது முனையில் அல்ட்ராசவுண்ட் பொருத்திய இபஸ் கருவி. முனையின் தடிமன் ஏறக்குறைய 7 மி.மீ., சேனல் 2.2 மி.மீ. பரவலாகப் புழங்கும் மாதிரியில் மேலே 120, கீழே 90 டிகிரிதான் வளையும். காமிராவும் நேராகப் பார்க்காது, 35 டிகிரி சாய்வாகப் பார்க்கும். இந்தத் தடிமனும் வளைவும் சேர்ந்து அதை மூச்சுக்குழாய், முதன்மைக் கிளைகள், மடல் வாய்கள் வரை நிறுத்திவிடுகின்றன. மூச்சுக்குழாயின் இடப்பக்கம், பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே இருக்கும் 4ஆம் நிலைய முடிச்சு (நிணநீர் முடிச்சுகளை இடம்வாரியாக எண்ணிட்டுச் சொல்வது வழக்கம்) எளிதாகத் திரையில் தெரியும், ஆனால் ஊசி போனதும் முனை நிமிர்ந்து சுவரை விட்டு விலகும். படம் மறையும். பலூனில் சிறிது நீர் ஏற்றித் தொடர்பைத் தக்கவைப்பது, மெல்லிய அல்லது நிட்டினால் ஊசிக்கு மாறுவது, ஸ்டைலெட்டை (ஊசித் துளைக்குள் இருக்கும் மெல்லிய கம்பி) கொஞ்சம் பின்னிழுத்து விறைப்பைக் குறைப்பது என்று வழிகள் உண்டு.

இபஸ் ஊசியைப் பொறுத்தவரை வரிசை மாறினால் செலவு தலைக்கு மேல் போகும். முனையை நடுநிலையில் நேராக வைக்கவும். ஊசி உறைக்குள் பூட்டப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் செலுத்தவும். கைப்பிடியைச் சேனல் வாயில் பொருத்திப் பூட்டவும். பிறகு உறையை மட்டும் தள்ளி, அதன் விளிம்பு திரையின் ஓரத்தில் தெரிகிற இடத்தில் நிறுத்திப் பூட்டவும். உறை தெரியாத வரை ஊசியின் பூட்டைத் தொடவே கூடாது. உறை உள்ளேயே இருக்க ஊசியை விட்டால் அது சேனலின் உட்சுவரைக் கிழிக்கும். இதன்பிறகு முனையை வளைத்து முடிச்சைக் கண்டுபிடித்து, அளவு நிறுத்தியை வைத்து, ஒரே வெட்டான அசைவில் குத்தவும். ஸ்டைலெட்டால் ஓரிரு முறை தட்டி, நுனியில் அடைத்த குருத்தெலும்புத் துணுக்கை வெளியேற்றவும். ஸ்டைலெட்டை எடுத்து, உறிஞ்சலோடு 10 முதல் 15 முறை முன்பின் அசைக்கவும். உறிஞ்சலை நிறுத்தி, ஊசியை உறைக்குள் முழுதாக இழுத்துப் பூட்டி, முனையை நிமிர்த்திய பின்தான் மொத்தமாக வெளியே எடுக்கவும். ஆய்வகத்தார் பக்கத்தில் இருந்து உடனுக்குடன் பார்த்துச் சொல்லாத இடங்களில், ஒரு முடிச்சுக்குக் குறைந்தது மூன்று முறை குத்துவது வழக்கம்.

இப்போது நுரையீரலின் ஓரத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் கட்டி அங்கேதான் இருக்கிறது. 5 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள வழக்கமான கருவி நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கிளை வரை (மூச்சுக்குழாய் நான்கைந்து முறை கிளைபிரிந்த இடம் வரை) போகும். அதற்குமேல் கிளை சிறுத்துக் குழாய் அடைத்துக்கொள்ளும். 4 மி.மீ. கருவியில் 2.0 மி.மீ. சேனல் கிடைக்கிறது. 3.0 மி.மீ. மெல்லியதில் 1.7 மி.மீ. சேனல். அது இன்னும் சில கிளைகள் உள்ளே போகும், வளைவும் நன்றாக இருக்கும். ஆனால் முந்திய கணக்கை நினைவில் கொள்ளுங்கள்: சேனல் குறுகினால் வளையாத துண்டுக்கு இடமே இல்லை. சிறிய ஃபோர்செப்ஸும் 1.4 மி.மீ. ரேடியல் (சுற்றிலும் படம் காட்டும்) அல்ட்ராசவுண்ட் ப்ரோப்பும் போகும். ஓரக் கட்டிகளுக்கென்று செய்த 21 கேஜ் ஊசிக்கு 2.0 மி.மீ. சேனல் வேண்டும். தொலைவு போகும் குழாயில் ஊசி போகாது, ஊசி போகும் குழாய் தொலைவு போகாது.

மேல் மடலின் உச்சிக் கிளையும், கீழ் மடலில் பின்னோக்கித் திரும்பும் 6ஆம் பிரிவும் எப்போதும் தொல்லை தருபவை. குழாய் கீழ்நோக்கி வந்து, உடனே கூர்மையாகத் திரும்ப வேண்டும். வழிகாட்டி உறையோடு ப்ரோப்பைக் கட்டிவரை கொண்டுபோய், ப்ரோப்பை மட்டும் உருவிவிட்டு, அதே உறைக்குள் ஃபோர்செப்ஸை விடும் முறை நல்லதுதான். ஆனால் ப்ரோப் இருக்கும்போது இருந்த வளைவும் ஃபோர்செப்ஸ் வந்தபின் இருக்கும் வளைவும் ஒன்றல்ல. உறை நிமிர்ந்து பக்கத்துக் கிளைக்குத் தாவிவிடும். ப்ரோப்பிலும் ஃபோர்செப்ஸிலும் நீளக் குறி முன்கூட்டியே சரிபார்த்து வைத்திருந்தால் ஆழத்தில் தவறாது. பக்கவாட்டுத் தாவலை எக்ஸ்ரே திரையில் பார்த்தால்தான் பிடிக்கலாம்.

கட்டி கிளைக்குழாயைச் சூழ்ந்திருக்கிறதா, ஒட்டி நிற்கிறதா என்பது இன்னொரு பெரிய வேறுபாடு. ப்ரோப்பின் படத்தில் கட்டி நடுவளையமாகத் தெரிந்தால் ஃபோர்செப்ஸ் போதும். ஒரு பக்கத்தில் மட்டும் தெரிந்தால் ஃபோர்செப்ஸ் குழாயின் உட்புறத்தையே கடித்துக்கொண்டிருக்கும், சுவரைத் தாண்ட ஊசிதான் வேண்டும். அல்லது 1.1 மி.மீ. உறைநிலை ப்ரோப். அது முனையைச் சுற்றி எல்லாப் பக்கமும் உறையவைத்துத் திசுவைப் பிய்த்தெடுக்கும், குறிபார்க்க வேண்டிய திசை என்ற ஒன்று அதற்குக் கிடையாது. இரத்தக்கசிவுக்கு ஆயத்தமாக இருந்துதான் அதைச் செய்ய வேண்டும்.

ரோபோ கருவிகள் இதைத் தீர்த்துவிட்டனவா? பாதி. 2018-இல் மோனார்க், 2019-இல் அயான் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அயானின் குழாய் 3.5 மி.மீ. தடிமன், உள்ளே 2.0 மி.மீ. சேனல், எல்லாப் பக்கமும் 180 டிகிரி வளைவு, குழாயின் வடிவத்தை உணரும் இழை. இதன் உண்மையான ஆதாயம் அதிக வளைவு அல்ல, வளைத்த இடத்தில் அப்படியே நிற்பது. ஊசி வந்து முனையை நிமிர்த்தப் பார்த்தால் கருவி எதிர்த்துப் பிடிக்கும், நகர்ந்த அளவும் திரையில் தெரியும். ஆனால் அயானில் காமிரா ப்ரோப்பை எடுத்துவிட்டுத்தான் ஊசியை விட முடியும். மேலும் வழிகாட்டும் சிடி படம் முழு மூச்சு இழுத்த நிலையில் எடுத்தது. மயக்கத்தில் இருக்கும் நுரையீரல் சுருங்கியிருக்கும், கட்டி படத்தில் காட்டிய இடத்தில் இராது. ஊசி நுனி கட்டிக்குள் இருக்கிறதா என்பதை அந்த நேரத்தில் எடுக்கும் சிடி வகைப் படமோ ரேடியல் ப்ரோப்போதான் உறுதிசெய்யும்.

மார்புச் சுவர் வழியாக வெளியிலிருந்து குத்தும் முறையில் தேவை தலைகீழ். அங்கே வளையாத ஊசிதான் வேண்டும். 17 அல்லது 19 கேஜ் வழிகாட்டி ஊசிக்குள் 18 அல்லது 20 கேஜ் வெட்டூசி போகும். மெல்லிய நீண்ட 22 கேஜ், சாய்வாகச் சீவிய நுனியால் ஒரு பக்கமாக விலகிக்கொண்டே போகும். பாதி வழியில் ஊசியை 180 டிகிரி சுழற்றினால் விலகல் திரும்பும். மேல் மடலின் ஓரத்தில், சுவரையொட்டி இருக்கும் கட்டிக்கு இந்த வழி பெரும்பாலும் நேர்த்தியானது. விலை, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேரும் நியூமோதொராக்ஸ். அது ப்ராங்கோஸ்கோப் முறையைவிட இதில் பல மடங்கு அதிகம், எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) உள்ளவர்களுக்கு இன்னும் கூடும். கட்டிக்கு நேராக ஒரு கிளைக்குழாய் போகிறதா என்பதைச் சிடியில் பார்த்துவிட்டு, போகிறதென்றால் உள்வழி, இல்லையென்றால் வெளிவழி என்று யோசிக்கத் தொடங்குவது நியாயம். உங்களுக்கு முதல் முயற்சி நின்றுபோனதால், அந்தச் சிடியை இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, கருவிகளைப் பராமரிப்பவர்களுக்கு. 180 டிகிரி என்று வாங்கிய குழாய் நாளாக ஆக அவ்வளவு வளையாமல் போகலாம், இழுப்புக் கம்பிகள் தளர்ந்திருக்கும். கருவி உள்ளே இருக்கும்போதே முனையைப் பலவந்தமாக வளைப்பது இதை விரைவாக்கும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் நெம்புகோலை இரு பக்கமும் முழுதாக அழுத்தி, முனையின் கோணத்தைக் கண்ணால் பாருங்கள். ஊசி பயன்படுத்திய ஒவ்வொரு முறைக்குப் பின்னும், கழுவுவதற்கு முன்பே, கசிவுச் சோதனை செய்யுங்கள். நீரில் அமிழ்த்தி முனையை வளைத்து நிமிர்த்தும்போது மட்டும் குமிழி வருகிறதென்றால் ஓட்டை வளையும் பகுதியில் இருக்கிறது. சேனலின் வாயிலிருந்து வந்தால் உள்ளே ஊசி கிழித்திருக்கிறது. அந்தக் குழாயை அடுத்த நோயாளிக்கு எடுக்காமல் தனியே ஒதுக்கி வையுங்கள்.